கால் முன்னால், தலை பின்னால்

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் ஸ்ட்ரெச்சர் தூக்கி அதிகம் பேரைக் காப்பாற்றியவன் நான்தான். தோட்டத்தின் கீழ்ப்பிரிவான கீழ்க்கணக்கிலிருந்து மலைமேல் இருக்கும் மேல்கணக்கு வரைக்கும் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

தயவு செய்து கேட்காதீர்கள். பொய். இன்றுவரை நான் ஒரு மனுசரையும் தூக்கியதில்லை. என்னைத்தான் ஐந்து தடவை தூக்கியிருக்கிறார்கள். ஐந்து தடவையும் எனக்கு ஒரு நோயும் இல்லை.

இதை எழுதிக்கொண்டிருப்பது பழைய பிள்ளைக்காம்பராவில். கொழுந்து எடுக்கப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போன இடம். புதியது கட்டிய பிறகு இது பூட்டிக் கிடந்தது. எங்கள் வாலிபப் பிள்ளைகள் தோட்டத்துத் துரையிடம் கேட்டு வாங்கி, சுண்ணாம்பு அடித்து, சேவை நிலையம் என்று போர்டு மாட்டினார்கள். அவர்களுக்கெல்லாம் தலைவி முன்பள்ளி டீச்சர். வயதில் எனக்கு மகள் மாதிரி, அதட்டலில் மாமியார் மாதிரி. சேர்ந்தவர்கள் எல்லாரும் தங்கள் அனுபவத்தைக் கொப்பியில் எழுத வேண்டுமாம். நான் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன். பிழையை டீச்சர் திருத்துவார், நீங்கள் கதையை மட்டும் பாருங்கள்.

இன்று காவல் என் முறை. ஸ்ட்ரெச்சருக்கும் போனுக்கும் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும், நகரக் கூடாது. நாற்காலியோ முன்பள்ளிப் பிள்ளைகளுடையது. உட்கார்ந்தால் முழங்கால் தாடையில் இடிக்கிறது, எழுந்தால் நாற்காலியும் இடுப்போடு எழுந்து வருகிறது. வெளியே மழை. எதிர்மலையைக் காணவில்லை. போன் அடித்தால் அது மேல்கணக்கிலிருந்து, என் தங்கச்சிக்காகத்தான் அடிக்கும்.

அவளுக்கு இது பேறு மாதம். முதல் பிள்ளையை வயிற்றை வெட்டித்தான் எடுத்தார்கள். இந்தத் தடவை லயத்து வீட்டில் பெறவே கூடாது, வலி கண்டவுடன் ஆஸ்பத்திரிக்கு வந்துவிட வேண்டும் என்று மருத்துவச்சி மிஸ் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். வரும் திங்கட்கிழமை வார்ட்டில் வந்து படுக்கச் சொல்லியிருக்கிறார்கள். வலிக்குத் திங்கட்கிழமை தெரியுமா? மழையில் மண் சரிந்து மேல்கணக்கு ரோடு போய்விட்டது. அம்புலன்ஸ் கீழே பாலத்தோடு நின்றுவிடும். அங்கே வரைக்கும் இரண்டு மைல், தேயிலைக்கு நடுவே ஒற்றையடிப் பாதை. முன்பெல்லாம் முடியாதவர்களைக் கம்பளியில் கட்டிக் கம்பில் தொங்கவிட்டுத் தூக்கி வருவார்கள். அதற்காகத்தான் டீச்சர் அலைந்து திரிந்து ஒரு ஸ்ட்ரெச்சர் வாங்கி வந்தார்.

நான் இங்கே சேர்ந்தது சேவை செய்ய அல்ல. முதல் கூட்டத்துக்கு வந்தவர்களுக்குப் பிளேன்டீயும் பணிசும் கொடுத்தார்கள். இரண்டு பணிஸ் தின்ற வாயால் பேர் கொடுக்க மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை. அதற்குப் பிறகுதான் சுவரில் கரும்பலகை இருப்பதைப் பார்த்தேன். ஆளுக்கு ஒரு நல்ல காரியம், தினமும் செய்து, தினமும் எழுத வேண்டும். நான் முதல் நாள், "இன்று யாருக்கும் தொந்தரவு கொடுக்கவில்லை" என்று எழுதினேன். டீச்சர் அழித்தார். மறுநாள், "நேற்று அழித்ததற்குக் கோபப்படவில்லை" என்று எழுதினேன். அதையும் அழித்துவிட்டு, ஸ்ட்ரெச்சர் குழுவில் என் பேரை எழுதினார்.

"டீச்சர், எனக்கு இடுப்புப் புடிப்பு. குனிஞ்சா நிமிர முடியல. நிமிந்தா குனிய முடியல."

"படுக்க முடியுமாண்ணே?"

"படுக்கிறதா? அது முடியும்."

"அப்ப நீங்கதான் நோயாளி. ஞாயித்துக்கெழம பழகுறோம், வந்துருங்க."

இடுப்புப் பிடிப்பு என்பதும் பொய்தான். அந்தப் பொய்தான் என்னைக் கட்டிப்போட்டது. நிஜமாகவே கட்டினார்கள். ஸ்ட்ரெச்சர் பட்டியின் கொக்கி இறுகி மாட்டவில்லை. லொறியில் ஏற்றி இறக்கும் தம்பி ஒருவன் கயிறு கொண்டுவந்து, கொழுந்துச் சாக்குக்குப் போடும் முடிச்சை என் நெஞ்சிலும் இடுப்பிலும் முழங்காலிலும் போட்டான். கை இரண்டும் கயிற்றுக்கு உள்ளே.

"தம்பி, மூக்கு அரிச்சா என்னா செய்றது?"

"அரிக்காமப் பாத்துக்குங்கண்ணே."

பழக்கிக் கொடுக்க டவுனிலிருந்து வந்திருந்த சிங்கள மாத்தயா, பள்ளத்தில் இறங்கும்போது கால்தான் முன்னால் போக வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். தலை முன்னால் போனால் ரத்தமெல்லாம் தலைக்கு இறங்கிவிடுமாம். நாங்களும் சிங்களத்தில் சரி சரி, ஹரி ஹரி என்று தலையாட்டினோம். அந்த நேரத்தில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை: எங்கள் லயங்களில் கால் முன்னால் போகிறவர் ஒருவர்தான். அவர் திரும்பி வருவதில்லை.

கோயில் மேட்டிலிருந்து நான்கு பேர் என்னைத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். டீச்சர் குடையோடு பின்னால், ஒரு வளைவு தள்ளி வந்துகொண்டிருந்தார். கொழுந்து அதிகமான காலம். ஞாயிற்றுக்கிழமையும் பெண்கள் மலையில் நின்றார்கள். முதலில் பார்த்தது லயத்தில் எங்கள் அடுத்த அறை, பக்கத்துக் காம்பரா அக்கா. தண்ணிப் பீலியில் தினமும் என்னைத் திட்டிவிட்டுத்தான் குடத்தை எடுப்பாள்.

"ஐயய்யோ! கால் முன்னால கொண்டாறாங்கடி! யாருன்னு பாருங்கடி!"

ஒருத்தி எட்டிப் பார்த்தாள். அவ்வளவுதான். கூடைகள் கீழே விழுந்தன. "அக்கா, இது சும்மா பழகுறதுக்கு..." என்று தூக்கியவர்கள் கத்திப் பார்த்தார்கள். இருபது பெண்கள் ஒப்பாரி வைக்கும்போது நான்கு ஆண்கள் பேச்சு எங்கே கேட்கும்?

அப்போது நான் வாயைத் திறந்திருக்கலாம். கயிறு வாயில் இல்லை. ஆனால் செத்த பிறகு நம்மைப் பற்றி என்ன பேசுவார்கள் என்று கேட்கும் வாய்ப்பு எத்தனை பேருக்குக் கிடைக்கும்? கண்ணை மூடிக்கொண்டேன்.

"தங்கமான மனுசன்டி! அதிர்ந்து ஒரு வார்த்த பேசுவாரா?"

இது பக்கத்துக் காம்பரா அக்கா.

"போன மாசந்தான் என் கூரத் தகரம் பறக்காம கல்லு தூக்கி வச்சுக் குடுத்தாரு!"

நான் வைக்கவில்லை. அது அவள் புருஷன். செத்தவன் கணக்கில் எல்லாவற்றையும் சேர்த்துவிட்டார்கள். எனக்கு ஒரு பக்கம் சிரிப்பு, ஒரு பக்கம் பெருமை. அந்த நேரத்தில்தான் வலது கால் பெருவிரல் இடுக்கில் குளுகுளு என்று ஏதோ ஏறியது. அட்டை. மழைக்காலத்தில் தேயிலைக்குள் போனால் காலை ஆட்டிக்கொண்டேதான் நிற்க வேண்டும். எனக்கோ முழங்கால் முடிச்சில் இருக்கிறது, கை கயிற்றில் இருக்கிறது, வாயோ செத்துப்போயிருக்கிறது. இப்போது கண்ணைத் திறந்தால் இருபது பெண்களும் கவ்வாத்துக் கத்தி எடுத்துவிடுவார்கள். அட்டை விரலிலிருந்து பாதத்துக்கு நடந்தது. அது வசதியான இடம் தேடி முடிக்கும் வரைக்கும் நான் பிணமாகவே கிடந்தேன். என் ஆயுளில் அவ்வளவு நீண்ட நேரத்தைக் கண்டதில்லை.

திடீரென்று ஒப்பாரி நின்றது. என் மனைவி வந்துவிட்டாள் என்று தெரிந்துகொண்டேன். அடுத்த மலையிலிருந்து ஓடி வந்த மூச்சு எனக்குக் கேட்டது. அவள் அழவில்லை.

"செத்தவன் கால் வெரலு எப்புடிடி ஆடும்?" என்றாள்.

கண்ணைத் திறந்தேன். அவள் இடுப்பில் முடிந்து வைத்திருந்த உப்பை எடுத்து அட்டை மேல் வைத்தாள். அது சுருண்டு விழுந்தது. பிறகு என்னையும் அப்படித்தான் பார்த்தாள்.

"அவுக்காதீங்க. கெடக்கட்டும்" என்று தூக்கியவர்களிடம் சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தாள். ஒரு காலில்தான் செருப்பு இருந்தது. மற்றது சேற்றில் எங்கோ. அன்றிலிருந்து, "சோறு இருக்கு" என்ற இரண்டு வார்த்தைக்கு மேல் அவள் என்னிடம் பேசவில்லை. எங்கள் காம்பரா பத்தடிக்குப் பன்னிரண்டடி. பேசாத ஒரு பெண் அதற்குள் இருந்தால் மூச்சு விட இடம் கிடையாது. வெளியே போனால் ஊர் சிரிக்கிறது, உள்ளே வந்தால் அடுப்பு மட்டும் சத்தம் போடுகிறது.

ஆனால் இதெல்லாம் பெரிதில்லை. நான் செத்த செய்தி போனில் மேல்கணக்குக்குப் போய்விட்டிருந்தது. உயிரோடு இருக்கிற செய்தி நடந்து போனது. நான் மறுநாள் போனபோது தங்கச்சி அடுப்படியில் உட்கார்ந்திருந்தாள்.

"நீ போயிட்டேன்னு கேட்டு நான் தரையில உழுந்து கெடந்தேண்ணே. வயித்துப் புள்ள ஒரு மணி நேரம் அசையல."

வேடிக்கையாக ஏதாவது சொல்லலாம் என்று போனவன், அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"அந்தப் பாடையில நான் ஏற மாட்டேன். வலி வந்தா இங்கயே பெத்துக்கிறேன்."

"வேணாம் தங்கச்சி. மிஸ்ஸு என்னா சொன்னாங்க?"

"மிஸ்ஸு கால் முன்னால போய்ட்டு வந்துருக்காங்களா?"

மச்சான் கெஞ்சினார். டீச்சர் வந்து தலை, ரத்தம், பள்ளம் என்று எல்லாம் விளக்கினார். அவள் அசையவில்லை. அவளைப் பார்த்து மேல்கணக்கில் இருந்த மற்றவர்களும் ஏற மாட்டோம் என்றார்கள். டீச்சர் என்னைத் திட்டவில்லை. கரும்பலகையில் என் பேருக்கு நேரே ஒன்றும் எழுதாமல் விட்டுவிட்டார். அதற்குப் பதில் திட்டியிருக்கலாம்.

கடைசியில் வழி சொன்னது தங்கச்சிதான். "நீ ஏறு. எங்க வாசல்லேருந்து பாலம் வரைக்கும் கால் முன்னாலயே போ. எல்லாரும் பாக்கட்டும். ஞாயித்துக்கெழமைக்கி ஞாயித்துக்கெழம போ. உயிரோட வா. பெறகு பாப்போம்."

இப்படியாக நான்கு ஞாயிறு. தோட்டத்தில் எல்லாரும் ஞாயிறு குளித்து முழுகி டவுனுக்குப் போனார்கள். நான் மேல்கணக்கு வாசலில் போய்ப் படுத்தேன். அதே முடிச்சு, அதே கயிறு. முதல் வாரம் வழியெல்லாம் சிரிப்பு. இரண்டாம் வாரம் மழை. முகத்தில் விழும் தண்ணியைத் துடைக்கக் கை இல்லை, வானத்தைத் தவிர பார்க்க ஒன்றும் இல்லை. மூன்றாம் வாரம் பக்கத்துக் காம்பரா அக்கா ஒரு செவ்வந்தி மாலையை என் நெஞ்சில் போட்டு, "வெறுங்கழுத்தோட போனா நல்லாருக்காதுல்ல" என்றாள். பாலத்தில் அவிழ்த்துவிட்டவுடன் நான் எழுந்து நின்று இரண்டு கையையும் ஆட்ட வேண்டும். மேலே வாசலில் தங்கச்சி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சின்னப் புள்ளியாக நிற்பாள். அவள் உள்ளே போகும் வரைக்கும் ஆட்ட வேண்டும்.

நான்காவது வாரம் அவள் சொன்னாள்: "சரி, ஏறுறேன். ஆனா கால் பக்கம் நீ தூக்கணும். படுத்துக் கெடக்கையில எனக்கு உன் பின்னந்தல பொடதி தெரியணும்."

"எனக்கு இடுப்புப் புடிப்பு தங்கச்சி."

"தண்ணிக் கொடம் தூக்கச் சொன்னா சின்ன வயசுலயே உனக்கு வர்ற புடிப்புதானே?"

டீச்சர், மச்சான், தூக்கும் நான்கு பேர், எல்லாரும் நின்றார்கள். எல்லாரும் என் இடுப்பைப் பார்த்தார்கள்.

நான் ஏன் அந்தப் பொய்யைச் சொன்னேன் என்று அங்கே யாரும் கேட்கவில்லை. இங்கே எழுதுகிறேன். சோம்பல் பாதி. மீதி பயம். இறக்கத்தில் முன்னால் போகிறவன் மேல்தான் பாரம் முழுக்க வரும். அவன் வழுக்கினால் மற்ற மூன்று பேரும் ஒன்றும் செய்ய முடியாது. நான் வெறுங்கையோடு நடக்கும்போதே அந்தப் பாதையில் விழுகிறவன்.

அதனால் இந்த வாரம் முழுக்க டீச்சர் என்னைப் பழக்கினார். உரச் சாக்கில் மணல் நிரப்பி ஸ்ட்ரெச்சரில் கட்டி, முன்னால் என்னை நிறுத்தினார். திங்கள் இரண்டு வளைவு போனோம். செவ்வாய் மழை. நேற்று மூன்றாவது வளைவில், ஒரு சவுக்கு மரம் சாய்ந்து நிற்கும் இடத்தில், என் ரப்பர் செருப்பு சேற்றில் ஓடியது. நான் உட்கார்ந்துவிட்டேன். சாக்கு கயிற்றிலிருந்து நழுவி, உருண்டு, பாதையோரத்தில் தண்ணி ஓடும் கானுக்குள் போய்த் தலைகுப்புற விழுந்தது. எல்லாரும் கானுக்குள்ளே பார்த்துக்கொண்டு நின்றோம். அது மணல்தான் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் கானுக்குள் இறங்கி அதை இரண்டு கையாலும் நிமிர்த்தி வைத்தேன்.

மேலே தேயிலைக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. என் மனைவி. தலையில் கயிற்றோடு, முதுகில் கூடையோடு நின்று பார்த்திருக்கிறாள்.

"செருப்பக் கழட்டிட்டுத் தூக்கு" என்றாள். "வெரல ஊனி எறங்கு. நாங்கல்லாம் எப்புடி எறங்குறோம்?"

ஐந்து வாரத்துக்குப் பிறகு, சோற்றைத் தவிர அவள் பேசியது அது. நான் அப்போதே கழற்றிவிட்டு, சாக்கை மறுபடி கட்டி, மூன்றாவது வளைவிலிருந்து

போன் அடித்தது. அந்த நேரம் பார்த்து உள்ளே வந்த டீச்சர் எடுத்தார். இப்போது வாசலில் நிற்கிறார், கையில் கயிறு.

"அண்ணே, பேனாவ வைங்க. வலி கண்டுருச்சாம். வாசல்ல நின்னுக்கிட்டு, எங்கண்ணன் எங்கன்னு கேக்குதாம்."

எழுந்தேன். நாற்காலியும் கூட எழுந்தது. அதைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, நின்றபடி இதை எழுதுகிறேன்.

"அண்ணே!"

செருப்பை மேசைக்கு அடியில்