அல்பெரோனும் மூ. வீரய்யாவும்

ஹட்டனில் பெயருக்காகச் சண்டை பிடித்தவர்கள் நிறையப் பேர். சங்கத்துப் பலகையில் யார் பெயர் மேலே என்று சண்டை, திருவிழா நோட்டீசில் யார் பெயர் பெரிய எழுத்தில் என்று சண்டை. ஆனால் சுவிட்சர்லாந்துக் கம்பெனியோடு பெயருக்காக மல்லுக்கு நின்றவர் ஒருவர்தான். அவர் மூ. வீரய்யா. பஸ் நிலையத்துக்கு மேலே ஏறும் படிக்கட்டின் கீழே கைக்கடிகாரக் கடை வைத்திருந்தார். ஒருவர் உட்கார்ந்தால் மற்றவர் வெளியே நிற்க வேண்டிய கடை. அடுத்த கடை என்னுடையது. சாமி படங்களுக்குச் சட்டம் போடுகிறவன் நான். இரண்டு கடைக்கும் நடுவில் ஒரு தகரத் தடுப்புத்தான் என்பதால், இந்தக் கதையில் எனக்குத் தெரியாத பகுதி அதிகமில்லை.

வீரய்யா டயகமப் பக்கத்தில், தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவர். வாலிபத்தில் ஹட்டனுக்கு வந்து, பாத்திரக் கடை வாசலில் உட்கார்ந்து பெயர் வெட்டினார். தோட்டத்தில் சடங்குக்கோ கல்யாணத்துக்கோ ஒரு குடம் கொடுப்பவர், தன் பெயரை வெட்டாமல் கொடுக்கமாட்டார். கொடுத்தது யாரென்று தெரிந்தால்தானே நாளைக்கு அவர் வீட்டு விசேஷத்துக்குத் திரும்பி வரும்? இரண்டு குடும்பத்துக்குள் சண்டை வந்துவிட்டால், சட்டியைக் கவிழ்த்துப் பெயரை வாசித்துக் காட்டியே திட்டுவார்கள். இந்தக் குடங்களுக்கு நடுவே வளர்ந்ததில் வீரய்யாவுக்கு ஒரு கொள்கை ஊறிப்போயிருந்தது. பெயர் இல்லாத பொருள் திருட்டுப் பொருள். அவ்வளவுதான்.

தொண்ணூறுகளில் தோட்டங்களைக் கம்பெனிகள் பொறுப்பெடுத்தபோது பழைய துரைமார் பலர் பெட்டியைக் கட்டினார்கள். அவர்கள் மேசை இழுப்பறையில் விட்டுப்போன ஓடாத கைக்கடிகாரங்கள் பங்களாச் சமையல்காரர்கள் வழியாக டவுனுக்கு இறங்கின. அதில் அல்பெரோன் என்ற சுவிஸ் சாதிதான் உசத்தி. வீரய்யா பெயர் வெட்டுவதை விட்டுவிட்டு அதைப் பிடித்துக்கொண்டார். மெசினைக் கழுவி ஓட வைப்பார். கண்ணாடியும் முள்ளும் பட்டியும் கொழும்புப் புறக்கோட்டையில் வாங்கிய ஹாங்காங் சாமான். முகப்பைச் சுரண்டி, புதிதாக வர்ணம் பூசி, மேலே அல்பெரோன் என்று அவர்கள் எழுத்திலேயே எழுதுவார். கீழே, ஆறாம் இலக்கத்துக்குச் சற்று மேலே, தமிழில் சின்னதாக எழுதுவார்: மூ. வீரய்யா, ஹட்டன்.

அந்தக் கீழ் வரிதான் அவருடைய உயிர். அதை எழுதும்போது மட்டும் மூச்சைப் பிடித்துக்கொள்வார். வாங்க வந்தவர்களுக்கோ அந்த வரிதான் கண்ணில் விழுந்த தூசி.

பக்கத்துத் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை கணேசமூர்த்தி ஒரு முறை கடிகாரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "எல்லாம் அம்சமா இருக்கு வீரய்யா. கீழ இருக்கிற பேர மட்டும் எடுத்துட்டுக் குடுங்களேன்" என்றார்.

"எடுத்துட்டா மொத்தமும் சுவிஸ்காரன் செஞ்சதுன்னு ஆயிருங்க. கண்ணாடி நான் போட்டது, முள்ளு நான் போட்டது. நாளைக்கு நின்னு போச்சுன்னா நீங்க யார வந்து கேப்பீங்க?"

"நின்னா நான் உங்களத்தான் கேக்கப் போறேன். அத ஊருக்கெல்லாம் எழுதிக் காட்டணுமா?"

வீரய்யா அசையவில்லை. கணக்கப்பிள்ளை வாங்கிக்கொண்டு போனார். அன்றிலிருந்து அவருடைய சட்டைக் கைகள் நீளமாகிவிட்டன. சட்டையின் ஓரத்தைச் சாய்வாக இழுத்துவிட்டால் முகப்பின் கீழ்ப்பாதி மறையும், அல்பெரோன் மட்டும் வெளியே எட்டிப் பார்க்கும். தோட்டத்துக் கிளார்க்குகளும் வாத்தியார்மாரும் அதே வழியைப் பிடித்தார்கள். ஹட்டனில் குளிர் கூடிவிட்டதோ என்று வெளியூர்க்காரன் நினைத்திருப்பான்.

இப்படியே ஏழெட்டு வருடம் ஓடியது. போரை நிறுத்திச் சமாதானம் பேசிய காலம் அது, 2003. கொழும்பிலிருந்து தோட்டத்துக்கு வந்த ஒரு துரையின் விருந்தாளி, வீரய்யாவிடம் ஒரு அல்பெரோன் வாங்கிப் போனார். பட்டி மாற்றுவதற்காக அதைக் கொழும்பில் கம்பெனியின் சொந்தக் கடைக்கே கொண்டுபோயிருக்கிறார், நல்ல மனிதர். அடுத்த மாதம் சட்டத்தரணி கடிதம் வந்தது, ஆங்கிலத்தில், தடித்த தாளில்.

வாசித்துச் சொன்னவர் நடராசா மாஸ்டர். யாழ்ப்பாணத்துக்காரர், இங்கே பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படிப்பித்தார். கண்ணாடியை ஏற்றி இறக்கி இரண்டு தரம் வாசித்தார்.

"இஞ்சை பாரும் வீரய்யா. அல்பெரோன் எண்ட பேர் அவையின்ரை வியாபாரக் குறியாம். வெளிச்சாமான் போட்ட மணிக்கூட்டை அந்தப் பேரிலை நீர் விக்கேலாதாம். கடையிலை இருக்கிற எல்லாத்தையும் அவையிட்டைக் குடுக்க வேணுமாம், உடைச்சுப் போட."

"உடைக்கவா?"

"ஓம். இல்லாட்டி வழக்கு."

வீரய்யா கண்ணாடி அலமாரியைப் பார்த்தார். வீட்டுக்காரி லெட்சுமி அடகுக்குக் கொடுத்த கழுத்துச் சங்கிலி முதற்கொண்டு எல்லாம் அந்த அலமாரிக்குள்தான் ஓடிக்கொண்டிருந்தது. அது போனால் கடை இல்லை, மறுபடியும் பாத்திரக் கடை வாசல்தான். ஆனால் அவர் கேட்ட கேள்வி வேறு.

"நான்தான் எம் பேர எழுதியிருக்கேனே சார். அப்புறம் எப்படி அது களவாகும்?"

மாஸ்டர் கடிதத்தை மூன்றாம் தரமும் வாசித்தார்.

சுவிஸ்காரன் கடிதம் போட்ட செய்தி தீயாய்ப் பரவியது. வீரய்யா பயந்து கிடக்க, ஊர் பெருமையில் மிதந்தது. "நம்ம ஆளு வேலையப் பாத்து வெள்ளைக்காரனே மெரண்டுட்டான்ல" என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். அதுவரை எட்டிப் பார்க்காதவர்கள்கூட வந்து அல்பெரோன் கேட்டார்கள். கடிதத்துக்குச் சட்டம் போட்டு மாட்டச் சொல்லி என்னிடம் இரண்டு பேர் வந்தார்கள். மனிதன் தூக்கமில்லாமல் இருக்கிறான், இவர்களுக்குக் கண்ணாடி போட்ட சட்டம் வேண்டியிருக்கிறது. கடிதம் வந்த நாளிலிருந்து வீரய்யா ஒன்றைக்கூட விற்கவில்லை. விற்காதே என்று எழுதியிருந்ததால் விற்கவில்லை. அப்படிப்பட்ட ஆள்.

மாஸ்டரைக் கூட்டிக்கொண்டு கொழும்புக்கு ரயில் ஏறினார். நானும் போனேன், துணைக்கு என்று சொல்லிக்கொண்டு, வேடிக்கை பார்க்க. றொசல்ல, வட்டவளை நிலையங்கள் தாண்டியும் அவர் மடியிலிருந்து கையை எடுக்கவில்லை. மடியில் ஒரு துணிப்பை. அதற்குள் அலமாரிக் கடிகாரம் அத்தனையும்.

கம்பெனியின் சட்டத்தரணி ஜெகதீஸ்வரி என்று ஒரு அம்மா. கொழும்புத் தமிழ், கோபமில்லாத முகம். ஒரு கடிகாரத்தை எடுத்து முகப்பைப் பார்த்தார்.

"களவா விக்கிறவங்க எல்லாம் பேரை மறைப்பாங்க. நீங்க ஏன் உங்க பேரை எழுதினீங்க?"

"நம்ம பக்கம் ஒரு சட்டி குடுத்தாக்கூட பேர் வெட்டித்தான் குடுப்போம்மா. அவங்க மெசினுக்கு அவங்க பேரு. நான் போட்ட சாமானுக்கு எம் பேரு. எத மறைச்சாலும் பொய்யாயிருமே."

"நீங்க பொய் சொல்லல்ல, அது விளங்குது. ஆனா ரெண்டு பேரும் ஒரே முகப்பில நின்னா, நீங்களும் கம்பெனியும் பங்காளி மாதிரி இருக்கு. வாங்கிறவங்க அப்பிடித்தானே நினைப்பாங்க? அதைத்தான் அவங்களால ஏத்துக்க ஏலாது."

பங்காளி என்ற சொல்லைக் கேட்டதும் வீரய்யாவின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்து போனதை நான் பார்த்தேன். அவ்வளவு நெருக்கடியிலும் அவருக்கு அது பிடித்திருந்தது.

அம்மா உள்ளே போய் நெடுநேரம் தொலைபேசியில் பேசினார். திரும்பி வந்து தீர்ப்பு மாதிரிச் சொன்னார். எதையும் மறைக்காதபடியால் வழக்கு இல்லை, உடைக்கவும் வேண்டாம். முகப்பிலிருந்து அல்பெரோன் போய்விட வேண்டும், இனி எழுதவும் கூடாது. வீரய்யா என்ற பெயர் இருக்கலாம். அதில் கம்பெனிக்கு எந்த ஆட்சேபமும் இல்லை.

திரும்பும் ரயிலில் வீரய்யா எங்கள் இருவருக்கும் வடை வாங்கித் தந்தார். "பாத்தீங்களா, அவங்க பேருதான் போவுது. எம் பேரு நிக்கிது" என்று கண்டிவரைக்கும் கேட்கும்படி சிரித்தார். அப்படி அவர் சிரித்ததை நான் அதற்கு முன்னும் பார்க்கவில்லை, பின்னும் பார்க்கவில்லை.

ஒரு வாரம் உட்கார்ந்து அல்பெரோன் எல்லாவற்றையும் அழித்தார். தன் பெயரைக் கொஞ்சம் பெரிதாக்கி நடுவுக்குக் கொண்டுவந்தார். அலமாரி முழுக்க மூ. வீரய்யா, ஹட்டன். அதே மெசின், அதே நேரம், விலை மட்டும் குறைவு.

வந்தார்கள், பார்த்தார்கள், போனார்கள். வெள்ளைக்காரனை மிரட்டிய கை என்று டீக்கடையில் புகழ்ந்தவர்கள்தான். கடைசியில் விஷயத்தைப் போட்டு உடைத்தவர் கணக்கப்பிள்ளை கணேசமூர்த்தி.

"கோவிச்சுக்காதீங்க வீரய்யா. ஒங்க பேரு போட்ட வாட்ச கட்டிக்கிட்டு நான் காலையில பெரட்டுக் களத்துல ஆளுக்கு வேல பிரிச்சிக்கிட்டு நின்னா, வீரய்யா மொய்யா குடுத்த வாட்சான்னு கேப்பாங்க. காசு குடுத்து வாங்கிட்டு, ஒங்கக்கிட்ட கைநீட்டி வாங்கின மாதிரி நான் எதுக்குத் திரியணும்?"

வீரய்யா அலமாரிக் கதவைச் சாத்தினார். வேறென்ன செய்வார்? குடத்தில் இருக்கும் பெயர் கொடுத்தவன் பெயர். இந்த மலையில் அதைச் சின்னப் பிள்ளையும் அறியும். வாழ்க்கை முழுக்க அதை வெட்டிச் சோறு தின்ற மனிதர், செய்தவன் பெயரும் அங்கே நிற்கலாம் என்று எப்படி நினைத்தார் என்பதுதான் எனக்கு விளங்காதது. சுவிஸ்காரன் விட்டுக்கொடுத்ததை ஊர் விடவில்லை. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அல்பெரோன் என்பதும் யாரோ ஒரு மனிதனின் பெயராகத்தான் இருந்திருக்கும். அவன் கொடுத்த மொய்யா என்று ஒருவனும் கேட்டதில்லை. எனக்கு அன்றைக்கு வந்த ஆத்திரத்தில் ஒரு முருகன் படத்தின் கண்ணாடியை உடைத்துவிட்டேன்.

வழி காட்டியவரும் கணக்கப்பிள்ளைதான். தன் மருமகனுக்குக் கொடுக்க ஒரு கடிகாரம் கேட்டார். வீரய்யா பெயரை அழித்து, அன்பளிப்பு கணேசமூர்த்தி என்று முகப்பில் போட வேண்டும். அந்த மாதம் வீட்டில் லெட்சுமிக்கு அடுப்பெரிப்பதே பாடாக இருந்தது. வீரய்யா அழித்தார், எழுதினார். ஒரு மாதத்தில் அது மலை முழுக்கப் பரவிவிட்டது. ஓய்வுபெறும் கங்காணிக்கு, சங்கத் தலைவருக்கு, மாப்பிள்ளைக்கு, எல்லாருக்கும் கொடுப்பவர் பெயர் போட்ட கைக்கடிகாரம். கடை நிமிர்ந்தது. லெட்சுமியின் சங்கிலி கழுத்துக்குத் திரும்பியது. அலமாரியில் மூ. வீரய்யா என்று ஒன்றுகூட மிச்சமில்லை.

2008இல் மாரியம்மன் திருவிழாவில் உழைப்பால் உயர்ந்தவர்களைக் கௌரவித்தார்கள். கணேசமூர்த்தி அப்போது திருவிழாக் குழுத் தலைவர். வீரய்யாவை மேடைக்குக் கூப்பிட்டு, மாலை போட்டு, பெட்டியிலிருந்து ஒரு கைக்கடிகாரத்தை எடுத்து மணிக்கட்டில் கட்டிவிட்டார். முந்தின வாரம் அவசரம் என்று சொல்லி வீரய்யாவிடமே செய்வித்துக்கொண்டுபோன கடிகாரம். முகப்பில் அன்பளிப்பு கணேசமூர்த்தி.

"இது சும்மா வாட்ச் இல்லீங்க. உள்ள ஓடுறது சுவிஸ் மெசின்" என்று ஒலிவாங்கியில் அறிவித்தார்.

வீரய்யா கையைத் தூக்கி முகப்பைப் பார்த்தார். பிறகு, மேடையில் ஒரு நாளும் பேசாத மனிதர், ஒலிவாங்கியை வாங்கினார்.

"மெசின் சுவிஸ்காரனுதுங்க. முள்ளு, கண்ணாடி ஹாங்காங்கு. வேல என்னுது. பேரு கணக்கப்புள்ளையுது. வாங்குறவங்கக்கிட்ட எல்லாத்தையும் சொல்லித்தான் குடுக்கிறது வழக்கம். இன்னிக்கு வாங்குறது நானுங்கிறதால, எனக்கே சொல்லிக்கிட்டேன்."

கூட்டம் சிரித்தது. கணக்கப்பிள்ளை எல்லாரையும்விடப் பலமாகக் கைதட்டினார். வீரய்யா மேடையை விட்டு இறங்கி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, சட்டைக் கையைக் கடிகாரத்துக்கு மேலே இழுத்துவிட்டுக்கொண்டார்.