நான்கு மீன் நீளமுள்ள மூச்சு

ஒவ்வொருவருக்கும் பிறக்கும்போதே இத்தனை மூச்சு என்று அளந்து கொடுக்கப்பட்டிருக்கிறது என்பது எங்கள் வீட்டின் நம்பிக்கை. கடலுக்குப் போய்க்கொண்டிருந்த அப்பா அதை உறுதியாகச் சொல்வார். அவர் காலமான பிறகும் அந்த நம்பிக்கை வீட்டைவிட்டுப் போகவில்லை. அதன்படி பார்த்தால் எங்களுள் பெரிய செலவாளி என் அக்கா. மாமல்லபுரத்தை ஒட்டிய எங்கள் குப்பத்திலிருந்து அன்னக்கூடையில் மீன் சுமந்து சென்று, ஊருக்குள் ஏழு தெருக்களில் கூவி விற்றவள். நான் செங்கல்பட்டில் நூலகராக இருந்தேன். குரலை உயர்த்தாமலே சம்பளம் வாங்குகிற எனக்கு ஆயுள் கெட்டி என்று தம்பி கேலி செய்வான்.

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு மழைக்காலத்தில், அக்காவுக்கு நிமோனியா வந்தது. மருத்துவமனையிலிருந்து திரும்பியபோது காய்ச்சல் போயிருந்தது, மூச்சு திரும்பியிருக்கவில்லை. அறையிலிருந்து வாசலுக்கு வருவதற்குள் இரண்டு இடங்களில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கூவிக் கூவியே தன் பங்கைத் தீர்த்துவிட்டாள் என்று வீட்டில் எல்லோரும் நினைத்தார்கள். அவளும் அப்படித்தான் நினைத்தாள்.

எங்கள் குப்பத்தில் ஒருத்தி கூவும் தெருவுக்குள் இன்னொருத்தி கூடையோடு நுழைவதில்லை. அவள் படுத்துவிட்டால் அதே வீட்டுப் பெண் போகலாம். ஆனால், மாசி மகத்தன்று, சாமி கடலாட வரும் நாளில், தெரு யாருக்கு என்பதை மற்றப் பெண்கள் முன்னிலையில் சொல்லிவிட வேண்டும். சொன்ன பிறகு மாற்றம் கிடையாது. அக்காவின் கூடையைத் தம்பியின் மனைவி சுமந்துகொண்டிருந்தாள். மகத்தன்று தெருக்களை அவளுக்கே எழுதி வைத்தாற்போல் கொடுத்துவிடலாம் என்றான் தம்பி. அதில் வஞ்சகம் எதுவும் இல்லை. அக்காவை உட்காரவைத்துச் சோறு போட அவன் தயாராகவே இருந்தான். இளம் வயதிலேயே கணவரை இழந்து, பிள்ளைகளும் இல்லாத அக்காவுக்கோ அந்த ஏழு தெருக்களே வாழ்க்கை. அவை போய்விட்டால் காலையில் எதற்காக எழுந்திருப்பது என்று என்னிடம் மட்டும் கேட்டாள்.

நான் நீண்ட விடுப்பு எடுத்துக்கொண்டு வந்தேன். செங்கல்பட்டில் பல ஆண்டுகளாக மூச்சுப் பயிற்சி வகுப்புக்குப் போய் வந்த அனுபவம் எனக்கு இருந்தது. மருத்துவரிடம் கேட்டபோது, களைப்பு வராத அளவுக்கு மெதுவாகச் செய்யலாம் என்றார்.

"மூச்சு வுடறதுக்குக்கூட படிச்சவ வந்து சொல்லித் தரணுமா இன்னா?" என்று அக்கா சிரித்தாள். சிரிப்பின் பாதியிலேயே இருமல் வந்துவிட்டது.

முதல் மூன்று நாள்கள் நான் செய்தது பிழை. வகுப்பில் கற்றபடி, மெல்ல இழு, சற்றே நிறுத்து, மெல்ல விடு என்று வரிசையாகச் சொன்னேன். அவள் ஒரே இழுப்பில் நெஞ்சு நிறைய வாங்கி, தோள்களை உயர்த்தி, உதடுகளை இறுக்கிப் பூட்டிக்கொண்டாள். மூன்றாம் நாள் கண்கள் இருண்டு வலைக் குவியலின் மேல் சாய்ந்துவிட்டாள். தம்பிக்கு மகா கோபம். புத்தகத்தில் படித்ததையெல்லாம் உடம்பு சரியில்லாதவளிடம் சோதிக்காதே என்றான். அவன் சொன்னதில் நியாயம் இருந்தது.

அன்று மாலை முழுவதும் யோசித்தபோதுதான் அவள் செய்தது எனக்குப் பிடிபட்டது. சிறு வயதில் அலைக்கு அடியில் புகுந்து போக அப்பா எங்களுக்குக் கற்றுத்தந்த மூச்சு அது. சட்டென்று இழு, பூட்டு, தலையைக் குனி. கடலோரப் பிள்ளைகளுக்கு இழுக்கவும் பூட்டவும் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தலை மேலே வந்ததும் மிச்சத்தைப் படபடவென்று கொட்டிவிடுவோம். நிதானமாக விடுவது என்பது எங்கள் வழக்கத்திலேயே கிடையாது. அக்கா நிதானமாக மூச்சு விட்ட இடம் ஒன்றே ஒன்றுதான்: தெருவில் கூவும்போது.

மறுநாள், இழுக்கவே வேண்டாம் என்றேன். சத்தம் வெளியே வராமல், உதட்டுக்குள்ளேயே முனகலாகக் கூவச் சொன்னேன். முடிந்ததும் வாயை மூடிக்கொண்டு சும்மா இருந்தால் போதும். காற்று தானாகவே மூக்கு வழியே உள்ளே வரும். நல்ல நாள்களில் அவள் ஒரே மூச்சில் நான்கு மீன்களின் பெயரைச் சொல்லிவிடுவாள். அன்று 'சங்கரா' என்பதன் கடைசி எழுத்து வரவில்லை.

"மீனு வாலறுந்து போச்சுடி," என்றாள்.

"தலை கீதுல்ல, அது போதும்," என்றேன். குப்பத்துப் பேச்சு என் நாக்கில் எப்போதும் போகாமல் கிடந்தது.

காலையும் மாலையும் பத்து முறை. அதற்கு மேல் நான் அனுமதிக்கவில்லை. வயிற்றின் மேல் கையை வைத்து, அது தாழ்வதை அவளே பார்த்துக்கொண்டாள். பொங்கலுக்குள் இரண்டு மீன்கள் வந்தன. பிறகு பல நாள்கள் மூன்றாவது வராமல் அடம்பிடித்தது. அப்போதும் அவள் ஒரு வேளையைக்கூடத் தவறவிடவில்லை. நான் வாழ்க்கையில் எத்தனையோ வாசகர்களைப் பார்த்திருக்கிறேன். ஒரே பக்கத்தை இவ்வளவு பொறுமையோடு திரும்பத் திரும்பப் படித்தவர் எவரும் இல்லை.

மாசி மகத்தன்று கரையில் பெண்கள் கூடியிருந்தபோது தம்பி அக்காவைப் பார்த்தான். அக்கா எழுந்து நின்றாள். கடலைப் பார்த்து, வயிறு ஒட்டுமளவுக்கு மெதுவாக, ஒரே மூச்சில் கூவினாள். சங்கரா, வஞ்சிரம், நெத்திலி, எறா. கடைசிப் பெயர் தேய்ந்திருந்தாலும் முழுதாகவே வந்தது.

யாரும் எதுவும் சொல்வதற்கு முன் தம்பியின் மனைவி அன்னக்கூடையைக் கொண்டுவந்து அக்காவின் காலடியில் வைத்தாள்.

"எடுத்துக்கோ அண்ணி. உன் தெருவுல கீற பொம்பளைங்க உன்னைக் கேட்டுக் கேட்டு என் பிராணனை வாங்கிட்டாங்க."

அவள் முகத்தில் வருத்தமும் இருந்தது, நிம்மதியும் இருந்தது. முதல் மாதம் கூடையை அவள் சுமக்க, அக்கா பக்கத்தில் கூவிக்கொண்டே நடந்தாள். நான் இருபதடி பின்னால் போனேன். என் வாழ்நாளில் அந்த நடைக்கு ஈடான பெருமை எனக்கு வாய்த்ததில்லை.

பின்னர் தம்பிக்கு மறைமலைநகர்த் தொழிற்சாலை ஒன்றில் வேலை கிடைக்கவே, அவன் குடும்பத்தோடு அங்கே போய்விட்டான். நானும் ஓய்வு பெற்றுக் குப்பத்துக்கே திரும்பிவிட்டேன். அக்கா இப்போது நான்கு தெருக்களோடு நிறுத்திக்கொள்கிறாள். மற்ற மூன்றையும் பின்னொரு மகத்தன்று பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு அவளே மனமுவந்து கொடுத்தாள். வீட்டில் நாங்கள் இருவரும் இருக்கிறோம்.