இடம் மூன்று

கேபிள் இன்டர்நெட் ஆபீசில் எந்த ஒயர் எந்த வீட்டுக்கு என்று கம்ப்யூட்டரில் எழுதிவைப்பது என் வேலை. ஒயர் செருகும் துளையின் எண்ணுக்கு 'இடம்' என்று பெயர் வைத்திருந்தேன். தெருவில் உள்ள இணைப்புப் பெட்டியில் அந்த எண்கள் வலப்பக்கத்திலிருந்து தொடங்கும்.

மாமல்லபுரத்தில் காலி வீட்டு இணைப்பை எடுக்கப் போன லைன்மேன் செல்வம், இடப்பக்கத்திலிருந்து மூன்றாவதைப் பிடுங்கிவிட்டார். ஒரு பெண்ணின் ஆன்லைன் வேலை இன்டர்வியூ பாதியில் அறுந்தது.

"நீதான 'இடம் மூணு'ன்னு எழுதிகீற. இடம்னா லெஃப்ட்டுதான அண்ணாத்த?" என்றார் போனில்.

நேரில் போய் மன்னிப்புக் கேட்டேன். அவள் திட்டவில்லை. "அந்தப் பேர மொதல்ல மாத்துங்க சார். இன்னொருத்தருக்கு இப்டி ஆவக்கூடாது" என்றாள்.

'துளை எண்' என்று மாற்றினேன். வேலை அவளுக்குக் கிடைக்கவில்லை. தினமும் அலுத்து வீடு திரும்பி விளக்கேற்றும்போது, முருகனிடம் அவள் பெயரைத்தான் முதலில் சொல்கிறேன்.