கத்திரி வெட்டிய அக்கா

நாடகக் குழுவில் எல்லோரும் அவரைக் கத்திரி என்றுதான் கூப்பிடுவார்கள். முகத்துக்கு நேராகவே கூப்பிடுவார்கள், அவரும் என்ன என்று திரும்பிப் பார்ப்பார். நடிகர், நாடக ஆசிரியர், நாவல்களை மேடைக்குக் கொண்டுவருபவர் என்று நோட்டீசில் மூன்று வரியாகப் போட்டாலும், நாற்பது வருஷமாக அவர் உண்மையில் பார்த்த வேலை வெட்டுவதுதான்.

ஒரு நாவலை எடுத்தால் முதலில் அதில் இரண்டு பிரதி வாங்குவார். ஒரு தாளின் முன்பக்கத்தை வெட்டினால் பின்பக்கம் போய்விடும் அல்லவா, அதற்காக. இரண்டையும் முதுகோடு கிழித்து, தரையெல்லாம் பரப்பி, வேண்டிய பேச்சை மட்டும் நறுக்கி வெள்ளைத் தாளில் ஒட்டுவார். மிச்சத்தை மனைவி பெருக்கி அள்ளுவாள். “எவ்வளவு வர்ணனை. பாவம், எழுதினவர் ராப்பகலா கஷ்டப்பட்டிருப்பார்” என்று சொல்லிக்கொண்டே அள்ளுவாள்.

அடுத்தது ஆட்களைக் குறைப்பது. நாவல் எழுதுகிறவருக்கு என்ன, நாற்பது பேரை உள்ளே விடுவார். குழுவின் வேனிலோ சாமான் போக ஆறு பேருக்குத்தான் இடம். ஆகவே அந்த மேடையில் எந்தக் கதையானாலும் ஆறு பேர்தான். இலக்கியத்தின் தலையெழுத்தை வேன் சீட்டு எழுதிக்கொண்டிருந்தது என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். இரண்டு பாத்திரங்களை ஒன்றாக்குவதில் கத்திரி கெட்டிக்காரர். ஒரு நாவலில் டாக்டரையும் பெண்ணின் தாய்மாமனையும் ஒரே ஆளாக்கிவிட்டார். மாமன் நாடி பிடித்துக்கொண்டே கல்யாணத்தைத் தடுத்தான். பார்க்க வந்த எழுத்தாளர், “இது எனக்குத் தோணாமப் போச்சே” என்று தலையில் கைவைத்துக்கொண்டார். கத்திரி அந்தப் பேச்சை வருஷக்கணக்கில் சொல்லிச் சொல்லிச் சந்தோஷப்பட்டார்.

அவருக்கு ஒரே அக்கா. ஐந்து வயது மூத்தவள். ஒரு அச்சகத்தில் பிழை திருத்தும் வேலை. காலையில் பென்சிலைச் சீவிக்கொண்டு உட்கார்ந்தால் சாயங்காலம்வரை பிறத்தியாருடைய எழுத்தில் கொம்பும் புள்ளியும் சரிபார்ப்பாள். கல்யாணம் ஆகி, சீக்கிரமே தனியாகி, ஒரு பெண்குழந்தையோடு அப்பா வீட்டுக்கு வந்துவிட்டவள்.

அப்பா மின்சார மீட்டர் பார்த்து எழுதுகிறவர். ஊரில் அவர் ஏறாத மாடிப்படி கிடையாது. அப்படிப்பட்டவருக்கு அறுபத்தைந்தாம் வயதில் கால் இரண்டும் விழுந்துவிட்டன. மூன்று வருஷம் படுக்கை. அந்த மூன்று வருஷமும், அச்சக வேலையை வீட்டுக்கே வாங்கிவந்து பார்த்தபடி, அவரைப் புரட்டிப் படுக்கவைத்தது, துடைத்தது, ஊட்டியது, அவர் கோபத்தில் எறிந்த டம்ளரைப் பொறுக்கியது எல்லாம் அக்காதான். தம்பி ஊர் ஊராக நாடகம் போட்டுக்கொண்டிருந்தார். வருவார், அரைமணி நேரம் கட்டிலில் உட்கார்ந்து நாலு பேர் மாதிரி பேசிக்காட்டி அப்பாவைச் சிரிக்கவைப்பார், போய்விடுவார். அவர் போன பிறகும் அப்பா ஒரு நாள் முழுக்கச் சிரித்தபடி இருப்பார்.

ஒரு நாள் காலை, வெளியூரில் குழு தங்கியிருந்த லாட்ஜுக்கு போன் வந்தது. “அப்பாவுக்கு ரொம்ப முடியலை, உடனே கிளம்பி வா” என்றாள் அக்கா. சாயங்காலம் ஆறு மணிக்கு நாடகம். கதாநாயகன் அவர்தான், பதிலுக்கு ஆள் கிடையாது. குழு மேனேஜர், “உங்க இஷ்டம். நிறுத்தச் சொன்னா நிறுத்திடறேன்” என்றார். யோசித்துப் பார்த்தால் இவ்வளவு நல்ல மனிதர் வேறு யார் இருப்பார். கத்திரிதான், “முடிச்சிட்டே போறேன். இதுக்கு முன்னாடியும் இப்படித்தானே ரெண்டு தடவை கூப்பிட்டாங்க” என்றார். ஏழரை மணிக்கு அவர் மேடையில் ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டைவிட்டு வெளியேறும் காட்சியில் இருந்தார். அப்பா போனது அந்த நேரத்தில்தான். மறுநாள் காலை வந்து சேர்ந்தபோது அக்கா ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று அவர் பின்னால் பல தடவை நினைத்தார்.

மூன்று வருஷம் கழித்து அக்கா ஒரு நாவல் எழுதினாள். அவள் எழுதிய ஒரே நாவல். படுத்த படுக்கையாகிவிட்ட ஒரு தகப்பனும் பார்த்துக்கொள்ளும் மகளும்தான் கதை. மகன் ஒருவன் உண்டு, மொத்தம் மூன்றே இடத்தில் வந்துபோவான். கடைசிப் பக்கத்தில் தகப்பன் கண் மூடியபடியே, பக்கத்தில் யாரோ வந்து உட்காருவதை உணர்ந்து, “யாரும்மா?” என்று கேட்பார். “நான்தான்ப்பா” என்பாள் மகள். அத்தோடு முடிந்துவிடும். கத்திரி அதைப் படித்துவிட்டுக் குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதார். அழுது முடித்து முகம் துடைத்ததும் இன்னொரு பிரதி வாங்கப் போனார்.

“மேடைக்குப் பண்ணட்டுமாக்கா?”

“பண்ணிக்கோ. பாத்து வெட்டு.”

பார்த்துத்தான் வெட்டினார். ஆனால் அந்த வருஷம் குழுவில் இருந்த இரண்டு நடிகைகளில் ஒருத்திக்குப் பிரசவம். மிச்சமிருந்தவள் பக்கத்து வீட்டம்மா வேஷத்துக்கு வேண்டும். பக்கத்து வீட்டம்மாதான் சிரிப்புக்கு, அவளை எடுக்க முடியாது. மகளையும் மகனையும் ஒன்றாக்குவதைத் தவிர வேறு வழியில்லை என்று மேனேஜரிடம் சொன்னார், தனக்கும் சொல்லிக்கொண்டார். மகளுடைய பேச்சு, வேலை, தூக்கமில்லாத முகம் எல்லாவற்றையும் மகனுக்கு ஒட்டினார். மகனாக அவரே நடித்தார். கடைசிப் பக்கத்தில் அதிகம் மாற்றவேண்டி வரவில்லை. ‘யாரும்மா’வில் ‘ம்மா’வை அடித்துவிட்டு மேலே ‘டா’ என்று எழுதினார். யாருடா? நான்தான்ப்பா. அவ்வளவுதான் வேலை.

முதல் நாள் அக்கா மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து பார்த்தாள். கடைசிக் காட்சியில் அரங்கமே மூக்கை உறிஞ்சியது. முடிந்து ஒப்பனை அறைக்கு வந்தவள் முகம் வெளுத்திருந்தது. “நல்லா இருந்துச்சு” என்றாள். கொஞ்சம் நின்று, “டா போட்டுட்டியே” என்றாள். அவர் நடிகைக்குப் பிரசவமான கதையை ஆரம்பிப்பதற்குள் போய்விட்டாள்.

இருநூற்றுப் பன்னிரண்டு தடவை நடந்தது அந்த நாடகம். போகிற ஊரிலெல்லாம் பெரியவர்கள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, “உங்கள மாதிரி ஒரு பிள்ளை இருந்தா போதும்ப்பா” என்றார்கள். முதல் பத்துப் பதினைந்து ஊரில், “அது நான் இல்லைங்க, எங்க அக்கா” என்று சொல்லிப் பார்த்தார். அடக்கம் என்று நினைத்து இன்னும் இறுக்கிப் பிடித்தார்கள். பிறகு சும்மா சிரித்துவைத்தார். ஒரு பத்திரிகைக்காரர், “சொந்த அனுபவமா சார்?” என்று கேட்டபோது, “கொஞ்சம்” என்றார்.

அந்தப் பத்திரிகை அச்சானது அக்கா வேலை பார்த்த அச்சகத்தில் என்பது அவருக்கு அப்போது நினைவு வரவில்லை. அச்சகத்து ஃபோர்மேன்தான் பல மாதம் கழித்துப் பஸ்ஸில் பார்த்து, பெருமையாகச் சொன்னார். “உங்க பேட்டியை உங்க அக்காதான் புரூஃப் பாத்தாங்க. ரெண்டே ரெண்டு தப்பு. ஒரு ஒற்று விட்டுப்போயிருந்துச்சு, ஒரு கால் அதிகமா இருந்துச்சு. திருத்தி அனுப்பிட்டாங்க.” ‘கொஞ்சம்’ என்ற சொல்லில் பிழை எதுவும் இல்லை, அதை அவள் அப்படியே விட்டிருக்கிறாள். கத்திரி அடுத்த நிறுத்தத்தில் இறங்கி வீட்டுக்கு நடந்தே போனார்.

அதற்குப் பிறகு அக்கா எதுவும் எழுதவில்லை. பேச்சுவார்த்தை நிற்கவில்லை, அதுதான் கொடுமை. அவர் போனால் டீ போட்டுக் கொடுப்பாள். முட்டிவலி, தண்ணீர் மோட்டார், அவள் பெண்ணுக்கு வந்த வரன், எல்லாம் பேசுவார்கள். நாடகம் என்ற பேச்சு வந்தால் அடுப்பைப் பார்க்க எழுந்து போய்விடுவாள். ஒருமுறை அவளுடைய பெண்ணே, “தாத்தாவை நீங்கதானே மாமா பாத்துக்கிட்டீங்க?” என்று கேட்டாள். தாத்தா போனபோது அவளுக்கு நாலு வயது, அவளுக்குத் தெரிந்ததெல்லாம் நாடகம்தான். அக்கா கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். கத்திரி வாயைத் திறப்பதற்குள், “மாமாவுக்கு இன்னும் கொஞ்சம் டீ கொண்டா” என்று பெண்ணை அனுப்பிவிட்டாள். அன்றைக்கு அவளைத் தடுத்து உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. டீயைக் குடித்தார்.

இப்படியே முப்பது வருஷத்துக்கு மேல் போய்விட்டது. கத்திரிக்கு எழுபத்தொன்று ஆனபோது, பழைய மேனேஜரின் மகள், இப்போது குழுவை நடத்துகிறவள், வந்தாள். “அந்த நாடகத்தைத் திரும்பப் போடலாம் சார். இந்தத் தடவை அப்பா வேஷம் உங்களுக்கு” என்றாள். இப்போது குழுவுக்குப் பெரிய பஸ்ஸே இருக்கிறது, ஆளுக்குப் பஞ்சமில்லை. மூன்று மாதம் டைம் கேட்டார்.

அந்த மூன்று மாதமும் வாழ்நாளில் செய்யாத வேலையைச் செய்தார். ஒட்டியதைப் பிரித்தார். மகனிடமிருந்து ஒவ்வொரு வரியாக உருவி மகளிடம் கொடுத்தார். கடைசியில் மகன் கையில் மூன்றே இடம் மிஞ்சியது, நாவலில் இருந்தது போலவே. படித்துப் பார்த்தபோது அவருக்கே வெட்கமாக இருந்தது. இத்தனை வருஷம் அக்காவுடைய இவ்வளவு பெரிய சொத்தையா மேலே போட்டுக்கொண்டு திரிந்தோம் என்று இருந்தது. அக்கா படித்துவிட்டு ஒரு தடவை, ஒரே தடவை, சரிடா என்று சொன்னால் போதும். வேறு எதுவும் அவருக்கு வேண்டியிருக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை தாள்கட்டோடு அக்கா வீட்டுக்குப் போனார். “உன்னைத் திரும்பக் கொண்டுவந்துட்டேன்க்கா, படிச்சுப் பாரு” என்று மேஜையில் வைத்தார். எழுபத்தாறு வயதில் அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பென்சிலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். முதல் பக்கத்திலேயே இரண்டு சந்திப்பிழை. “இன்னும் நீ திருந்தல” என்றாள். மதியம்வரை படித்தாள். அவர் ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடந்தார், பரீட்சை எழுதிவிட்டு வந்தவர் போல.

கடைசித் தாளில் பென்சில் நின்றது.

“இங்க மறுபடியும் ‘ம்மா’ போட்டிருக்கே.”

“உன் புத்தகத்துல அதானேக்கா இருக்கு.”

“புத்தகத்துல இருக்கு. அப்பா அப்படிக் கேக்கல.”

கத்திரி நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

“‘வந்துட்டியாடா’ன்னு கேட்டார்” என்றாள் அக்கா. “காலையில இருந்தே வாசலைப் பாத்துக்கிட்டு இருந்தார். சாயங்காலம் கண்ணு மூடிடுச்சு. நான் பக்கத்துல போய் உட்கார்ந்தேன். ‘வந்துட்டியாடா’ன்னார்.”

“நீ என்ன சொன்ன?”

“‘வந்துட்டேன்ப்பா’ன்னு சொன்னேன். குரலைக் கொஞ்சம் கனமாக்கிக்கிட்டு, உன்னை மாதிரி. கையைப் பிடிச்சுக்கிட்டார். ‘சாப்பிட்டியாடா’ன்னார். ‘சாப்பிட்டேன்ப்பா’ன்னேன். அப்புறம் பேசல.”

கண்ணாடியைக் கழற்றி மடித்து வைத்தாள்.

“மூணு வருஷம் பாத்துக்கிட்டேன். கடைசியில நான்தான்னு சொல்லிக்க முடியல. அதான் புத்தகத்துல எனக்கு ஒரு ‘ம்மா’ போட்டுக்கிட்டேன். அந்தப் புத்தகத்துல பொய்னா அது ஒண்ணுதான். நீ மேடையில ‘டா’ன்னு கேக்க வெச்சதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டுடுச்சு. இவனுக்கு யார் சொன்னாங்கன்னு.”

“அப்ப உனக்கு என் மேல கோபம் இல்லையாக்கா?”

“அது வேற. அது இருந்துச்சு. இப்பவும் இருக்கு.”

கத்திரி தலையைக் குனிந்துகொண்டார். அந்த நேரத்தில் அவருக்கு அழுகை வந்திருக்க வேண்டும். அப்பா காத்திருந்து காத்திருந்து, கடைசியில் தன்னிடம் பேசுவதாக நினைத்துப் போயிருக்கிறார். தான் பேச வேண்டியதை அக்கா பேசியிருக்கிறாள். இதைக் கேட்டு எந்தப் பிள்ளைக்கும் நெஞ்சு வெடிக்கும். அவருக்கும் வெடிக்கத்தான் செய்தது. ஆனால் அதற்கு ஒரு நொடி முன்னால், அவரைக் கேட்காமலே, மண்டைக்குள் வேறொன்று ஓடிவிட்டது. மகள் குரலை மாற்றுவதற்கு முன் மூச்சு எடுக்க வேண்டும், அந்த இடத்தில் சபையில் ஒரு சத்தம் இருக்காது, விளக்கு அவள் கையில் மட்டும் விழுந்தால் போதும், இதுபோல ஒரு காட்சி நாற்பது வருஷத்தில் கிடைக்கவில்லை.

அக்கா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிழை பார்த்துப் பழகிய கண்.

“என்னடா, மேடையில வெச்சுப் பாக்குறியா?”

கத்திரி தலையை நிமிர்த்தினார்.

“ஆமாக்கா.”

அவள் சத்தம் போடவில்லை. தாள்களை அடுக்கித் தட்டிச் சரிசெய்து அவர் பக்கம் தள்ளினாள். “மத்ததெல்லாம் நீ எடுத்துக்கிட்டே. இதையாவது எனக்கு விட்டு வெய்டா” என்றாள்.

“சரிக்கா” என்றார் அவர்.

சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். நாடகம் ‘ம்மா’வோடு நடந்தது, பழையது மாதிரி இல்லை என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். அந்தக் காட்சியை அவர் எங்கேயும் எழுதவில்லை, யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் சும்மா உட்கார்ந்திருக்கும்போதெல்லாம் அது மனதுக்குள் நடக்கிறது. கட்டிலில் அப்பா கண்ணை மூடிக்கொண்டு கேட்கிறார். பக்கத்தில் உட்கார்ந்து, மூச்சு எடுத்து, குரலைக் கனமாக்கிப் பதில் சொல்கிற அக்கா வேஷத்தையும் அவரேதான் போடுகிறார். எவ்வளவு முயன்றும் அந்த இடத்தில் அவளை உட்காரவைக்க அவரால் முடியவில்லை.