ஆரோக்கியமேரி டீச்சரின் இரட்டை நட்சத்திரம்

போன வாரம் காரைக்குடி பஸ் ஸ்டாண்டில் ஆரோக்கியமேரி டீச்சரைப் பார்த்தேன். உடனே பேப்பர் வாங்குவதுபோல் திரும்பி நின்றுகொண்டேன். கல்லல் பக்கம் கணக்குப் பாடம் நடத்தும் டீச்சர். அவரைக் கண்டு எனக்கு என்ன பயம்?

சந்திரனில் ஆள் இறங்கிய மறு வருஷம். எல்லோருக்கும் வானத்தின்மேல் ஆசை. ஊரில் ஒரு கூட்டம் போட்டு, பௌதிகம் நடத்துகிறவன் என்பதால் என்னைப் பேசச் சொன்னார்கள்.

பொருள் — காணாமல் போன நிறை. வானத்தில் ஒரே கொத்தாக இருக்கும் நட்சத்திரங்கள் ஓடும் வேகத்தை அளக்கிறார்கள். அந்த வேகத்திலும் அவை சிதறாமல் இருக்க இவ்வளவு நிறை வேண்டும் என்று கணக்கு வருகிறது. கண்ணில் படுவதோ குறைவு. மீதி எங்கே? கேட்டுவிட்டு, பெருமையாகத் தண்ணீர் குடித்தேன்.

டீச்சர் எழுந்தார்.

"சார், சில நட்சத்திரம் நம்ம கண்ணுக்குத் தெரியாத ஒரு துணையோட சேந்து சுத்திக்கிட்டு இருந்தா? அந்தச் சுத்துற வேகத்தையும் சேத்துல்ல அளந்திருப்பாக. அப்ப நிறை கூடுதலாத்தானே வரும்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. தெரியாது என்று சொல்ல எவ்வளவு நேரமாகும்? நான் சொன்னது வேறு.

"டீச்சருக்கு இன்னும் கல்யாணம் ஆகலை. அதான் எதைப் பாத்தாலும் ஜோடியாத் தெரியுது."

ஹாலே சிரித்தது. டீச்சரும் சிரிக்கப் பார்த்து... முடியாமல் உட்கார்ந்துவிட்டார்.

ஆறு மாதம் கழித்து, மதுரையில் ஒரு நூலகத்தில் வெளிநாட்டு சஞ்சிகையைப் புரட்டினேன். டீச்சர் கேட்ட அதே கேள்வி, பக்கம் பக்கமாகக் கணக்கோடு. காது சுட்டது. டீச்சருக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். எழுதவில்லை.

அடுத்த கூட்டத்தில் அதையே பேசினேன். 'ஒரு சந்தேகம் எழலாம்' என்று ஆரம்பித்தேன். யாருக்கு எழுந்தது என்று சொல்லவில்லை. கைதட்டினார்கள் — வாங்கிக்கொண்டேன்.

போன வாரம் பஸ் ஸ்டாண்டில் அவரே கிட்டே வந்தார்.

"நல்லா இருக்கீகளா சார்?"

எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கைதட்டல் வாங்கியதையும்தான்.

"அந்தச் சுத்துற வேகத்தைக் கழிச்சா எவ்வளவு நிறை குறையுதாம் சார்?" என்று கேட்டார்.

"கொஞ்சந்தான் டீச்சர். முழுசும் அதால தீராதுன்னு எழுதியிருக்காக."

"பாதியாச்சும் தீரும்னு நெனச்சேன்." பையைத் தோள் மாற்றிக்கொண்டார். "அன்னைக்குச் சிரிச்சதுக்கப்புறம் நான் எந்தக் கூட்டத்துலயும் வாயே தொறக்கலை சார்."

மன்னிப்புக் கேட்டேன். "பத்திரிகையில என் பத்தியில இதை எழுதுறேன் டீச்சர். உங்க பேரைப் போடாம எழுதுறேன்" என்றேன்.

"பேரைப் போட்டே எழுதுங்க. சிரிச்சவுகளுக்கு நான் யாருன்னு தெரியும். கேள்வி சரின்னுதான் தெரியாது."

பெயரை விடுவதுதான் மரியாதை என்று நினைத்தேன், பாருங்கள்... அவர் மன்னித்ததாகவும் சொல்லவில்லை. கல்லல் பஸ் வந்தது, ஏறிக்கொண்டார்.

அன்று ஹாலில் சிரித்தவர்கள் சிலர் இதைப் படிப்பீர்கள். உங்களைக் குறை சொல்லவில்லை — சிரிக்க வைத்தவன் நான்.