அண்ணன் சட்டைப் பையில் இருந்த சீட்டு

என் கையெழுத்து கோணலாக இருக்கும், பிழையும் இருக்கும். ஐந்தாவதோடு நின்றவன். அண்ணன் நினைவு மலருக்காக எழுதும் இதை அச்சகத்தில் திருத்தச் சொல்லியிருக்கிறேன். மீறி இருந்தால் உறவினர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அண்ணன் சிங்கம்புணரிப் பக்கம் பிறந்தார்கள். எங்கள் சிறுவயதிலேயே அப்பா தவறியதால் நான் ஏர் பிடித்தேன், அண்ணன் படித்தார்கள். காரைக்குடியில் ஒரு ஆராய்ச்சிக்கூடத்தில் இருபத்திரண்டு வருடம் உதவியாளர் வேலை. கொடிய அமிலங்கள் புழங்கும் இடம். எந்த வேலைக்கும் முதல்நாளே சீட்டு எழுதுவார்கள். எது கொட்டினால் என்ன செய்வது, தண்ணீர் எங்கே, பக்கத்தில் யார் நிற்பது என்று எல்லாம் அதில் இருக்கும்.

"கல்யாணத்துக்குக்கூட இம்புட்டு எழுத மாட்டாகண்ணே" என்று கூட வேலை செய்பவர்கள் கேலி செய்வார்களாம்.

"கல்யாணத்துல கொறை வந்தா பேசித் தீத்துக்கிறலாம். இது எலும்பு வரைக்கும் போயிரும்டா" என்பார்களாம் அண்ணன்.

போன வருடம் ஒரு நாள் இரவு, காரைக்குடியில் அண்ணன் வீட்டில் சாப்பிடும்போது சொன்னார்கள்: "நாளைக்கு எடுக்கிற அமிலம் பட்டா ஒடனே வலிக்காது. அதுக்குக் கால்சியம் களிம்பு போடணும். சாயங்காலம் பாத்தா களிம்புல தேதி முடிஞ்சிருச்சு. காலையில மொத ஆளாப் போயி வேலைய நிறுத்தணும்."

விடிந்ததும் கிணற்றடியில் முகம் கழுவப் போனவர்கள் அப்படியே சாய்ந்துவிட்டார்கள். டாக்டர் வந்து பார்த்து, மாரடைப்பு, உயிர் இல்லை என்றார். என்னால் நம்ப முடியவில்லை. இன்றும் நம்ப முடியவில்லை.

அழுதுகொண்டிருந்த மதினி திடீரென்று எழுந்து, ஆணியில் தொங்கிய சட்டையிலிருந்து சீட்டை எடுத்தார்கள். "அவுக எழுதுனது. அங்குட்டு வேலைய ஆரம்பிச்சிருவாக. ஓடுங்க தம்பி."

சைக்கிளை மிதித்தேன். கூடத்து வாசலுக்குப் போனதும் கால் நின்றுவிட்டது. இழவு சொல்லப் போகிறவன் படி ஏறக் கூடாது என்பது நம் வழக்கம். கூப்பிடவும் கூச்சம். வேப்பமரத்தடியில் நின்றேன். எத்தனை நிமிடம் என்று தெரியாது.

தண்ணீர் பிடிக்க வந்த மாணவி ஒருத்தி, "யாரு வேணும்ணே? உள்ள வாங்க" என்றாள்.

"உள்ள வரக் கூடாதும்மா. அண்ணன் போயிட்டாக. இந்தச் சீட்டு..."

களிம்பு தேதி முடிந்தது, வேலையைத் தொடங்கக் கூடாது என்று அதில் இருந்ததை வாங்கிப் படித்தவள் அலறிக்கொண்டு ஓடினாள். "மூடியத் தொறக்காதீக! மூடியத் தொறக்காதீக!"

உள்ளே இருவர் கையுறை மாட்டி, பாட்டிலை மேசைமேல் வைத்து மூடியில் கை வைத்திருந்தார்களாம். அண்ணன் வரத் தாமதம், நாமே தொடங்குவோம் என்று நினைத்தார்களாம். அண்ணன் போன பின்னும் அந்தச் சீட்டால் தன் வேலையை முடித்துவிட்டார்கள். நான்தான் மரத்தடியில் நின்றேன்.

அந்தப் பெண்ணுக்கும், அன்றே வேலையை நிறுத்திவிட்டு மயானம்வரை வந்த எல்லோருக்கும், மதினியைத் தேற்றிய கண்டனூர் சொந்தங்களுக்கும் நன்றி. ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். இழவுச் செய்தியோடு ஓர் எச்சரிக்கையும் கையில் இருந்தால், படி ஏறிச் சொல்லிவிடுங்கள்.

இதை எழுத எனக்கு ஒரு வருடம் ஆகியிருக்கிறது.

ஈஸ்வர வருடம், ஆவணி 12, வியாழக்கிழமை.