காதுக்குப் பின்னால் ஒரு பொட்டுக் கிறீம்

"தேத்தண்ணி வேணாம் மிஸ். அடுப்பு ஒண்டு தாங்க."

வாசற்படி ஏறியதும் கொன்ஸ்ரன்ஸ் அக்கா கேட்பது இதைத்தான். சமையலறைக்குள் போய், தானே கொண்டுவந்த அலுமினியச் சட்டியில் தண்ணீர் வைத்து, கத்தரிக்கோல், சாமணம், பரு அகற்றும் கம்பி எல்லாவற்றையும் போட்டு இருபது நிமிடம் கொதிக்க விடுவார். கறி வைக்கும் அடுப்பில் இதென்ன கூத்து என்று வீட்டுக்காரிகள் முகம் சுளிப்பார்கள். அவர் மணிக்கூட்டைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்.

வீடு வீடாகப் போய் ஃபேஷல், புருவம், மணப்பெண் அலங்காரம் செய்பவர் அவர். கொட்டாஞ்சேனையில் புறப்படும்போதே சாமான்களை அவித்துத் துணியில் சுற்றித்தான் கொண்டுவருகிறார். ஆனால் வெள்ளவத்தை வந்து சேர்வதற்குள் இரண்டு சோதனைச்சாவடியில் பையைத் திறந்து காட்ட வேண்டும். "மே மொனவத?" இதெல்லாம் என்ன என்று சிங்களத்தில் கேட்டபடி சிப்பாய் துணியைப் பிரித்து ஒவ்வொன்றாகக் கையில் எடுப்பான். "மூணட்ட கான ஏவா மாத்தயா" என்பார் இவர், முகத்துக்குப் பூசுகிறவை என்று. அவித்ததெல்லாம் வீண். "அவன் வேலையை அவன் செய்யுறான். ஆனா அந்தக் கை பட்டதை நான் ஒரு பிள்ளைட முகத்தில வைக்கமாட்டேன்."

ஐம்பதை நெருங்கும் வயது. நகங்களை ஒட்ட வெட்டியிருப்பார், சாயம் பூசமாட்டார். ஆளுக்கு ஒரு துவாய், ஆளுக்கு ஒரு நூல். போத்தல் ஒவ்வொன்றிலும் திறந்த திகதி எழுதிய கடதாசித் துண்டு. தடிமன் பிடித்தால், கிறிஸ்மஸ் நேரத்து வேலையானாலும் வரமாட்டார். இதையெல்லாம் செய்யச் சொல்லி அவரை யாரும் கேட்கவில்லை. செய்யாதவர்களையும் யாரும் கேட்பதில்லை. ஆறு கிழமை கோர்ஸ் முடித்தவள் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடலாம். ஒரே பிளேட்டால், வடக்கிலிருந்து வருகிறவர்கள் தங்கும் ஒரு லொட்ஜ் முழுக்கப் புருவம் திருத்துகிறவளை "கெட்டிக்காரி, கெதியா முடிச்சிடுவா" என்கிறோம். கொன்ஸ்ரன்ஸ் அக்காவுக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் சுணக்கக்காரி. கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பிளீச் என்றால் இன்னும் சுணக்கம். முதல் நாள் வந்து காதுக்குப் பின்னால் ஒரு பொட்டு அளவு கிறீம் பூசிவிட்டுப் போவார். மறுநாள் வந்து பார்ப்பார். சிவந்திருந்தால், யார் கெஞ்சினாலும் அந்த முகத்துக்கு பிளீச் கிடையாது.

போன மாதம் என் பெரியம்மாவின் மகள் ஜெகதீஸ்வரி அக்கா, தன் மகள் சிவமணியோடு யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இங்கே ஒரு லொட்ஜில் தங்கினாள். கனடா மாப்பிள்ளை, வியாழக்கிழமை கலியாணம். ஊரை விட்டு வெளியேற ஆமியிடம் பாஸ் எடுக்கும் வரிசையிலும் கப்பலிலும் வெயிலில் காய்ந்து பிள்ளை கறுத்துப்போனாள் என்பதுதான் தாயின் பெரிய கவலை. நான்தான் கொன்ஸ்ரன்ஸ் அக்காவை அனுப்பினேன். பொட்டு வைத்த இடம் மறுநாள் தடித்துச் சிவந்திருந்தது.

"இந்தப் பிள்ளைக்கு பிளீச் ஒத்துக்கொள்ளாது மிஸ். பயத்தம் மா போட்டுக் கழுவுங்க, போதும்."

"காதுக்குப் பின்னாலதானே சிவந்தது? அதை ஆர் பாக்கப்போகினம்?" என்றாள் ஜெகதீஸ்வரி அக்கா.

கொன்ஸ்ரன்ஸ் அக்கா பையை மூடிக்கொண்டு போய்விட்டார். புதன்கிழமை ஜெகதீஸ்வரி அக்கா வேறொருத்தியைக் கூப்பிட்டாள். வந்தவள் காதையும் பார்க்கவில்லை, கையையும் கழுவவில்லை, பிளீச்சை முகத்தில் பூசினாள். கால் மணி நேரத்தில் சிவமணியின் வலது கன்னம் வெந்துவிட்டது. வந்தவள் சாமான்களை அள்ளிக்கொண்டு மறைந்துவிட்டாள்.

சொல்லியும் கேளாமல் தானே பிள்ளையைச் சுட்டுவிட்டேன் என்று எந்தத் தாய் மாப்பிள்ளை வீட்டுக்குச் சொல்வாள்? "கொட்டாஞ்சேனையால வந்த மனிசி என்னத்தையோ பூசினவ, அதால வந்த வினை" என்றாள் ஜெகதீஸ்வரி அக்கா. அன்று பின்னேரத்துக்குள் கதை லொட்ஜ் லொட்ஜாகப் போய், இரண்டு வீட்டார் கொன்ஸ்ரன்ஸ் அக்காவை இனி வரவேண்டாம் என்றுவிட்டார்கள். கடையில்லாத, பெயர்ப்பலகையில்லாத தொழில். நாலு பேர் வாயில் நல்ல பெயர் இருந்தால்தான் அடுத்த கதவு திறக்கும். இருபது வருடமாகச் சேர்த்த பெயரை என் சொந்தக்காரி ஒரு வசனத்தால் துடைத்தெறிந்தாள் என்பதை நினைக்க எனக்கு வெட்கமாக இருந்தது.

வியாழன் விடிய, கொன்ஸ்ரன்ஸ் அக்காவை ஃபோனில் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன், பழி விழுந்ததையும் சேர்த்து.

"காயத்துக்கு மேல பவுடர் ஏதும் போட்டாங்களா?"

"இன்னும் இல்லை."

"போடவேணாம் எண்டு சொல்லுங்க. வாறேன்."

லொட்ஜுக்கே வந்தார். கொதித்து ஆறிய தண்ணீரில் வெள்ளைத் துணியை நனைத்துப் பிழிந்து, சிவமணியின் கன்னத்தில் வைத்துப் பிடித்தார். படம் எடுப்பவர் வாசலில் நின்றார். கன்னம் தெரியாமல் பான்கேக் பூசச் சொன்னாள் தாய். "இந்தப் பக்கம் ஒண்டும் பூசமாட்டேன். கண்ணும் தலையும் வடிவாச் செய்து தாறேன்" என்றார்.

கட்டிலில் இருந்த மாப்பிள்ளையின் சித்தி எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்: "செய்யிறதையும் செய்துபோட்டு இப்ப துணி பிடிக்கிறா."

ஜெகதீஸ்வரி அக்கா கலியாண மாலையிலிருந்து உதிர்ந்த பூக்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அவள் வாய் திறப்பாள் என்று பார்த்தேன். திறக்கவில்லை. எனக்கு உச்சி கொதித்தது.

"இதைச் செய்தது இவ இல்லை. ஆர் செய்தது எண்டு..." என்று தொடங்கினேன். சிவமணி தாயைப் பார்த்தாள். பிள்ளையின் கண் கலங்கிவிட்டது.

கொன்ஸ்ரன்ஸ் அக்கா திரும்பிப் பாராமலே இடது கையை உயர்த்தி என்னை நிறுத்தினார்.

"இப்ப வேணாம் மிஸ். பிள்ளை அழுதா கண்ணீர் பட்டுக் காயம் எரியும்."

அதே கையால் ஒரு துண்டுப் பஞ்சை எடுத்து, சிவமணியின் கீழிமையில் திரண்டு நின்றதைக் கன்னத்தில் இறங்கவிடாமல் ஒற்றி எடுத்தார்.